ஒரு சிறு நகரத்தின் மக்களையும் வேலையையும் எண்களில் வாசித்தல்: ஜார்ஜியாவின் டால்டன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லான்டாவிலிருந்து 75 ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், டென்னசி மாநில எல்லைக்குச் சற்று முன்பாக டால்டன் என்ற நகரம் வருகிறது. இது விட்ஃபீல்டு கவுண்டியின் தலைநகரம். 2020 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 34,417 பேரும், கவுண்டி முழுவதிலும் 1,02,864 பேரும் வாழ்ந்தனர். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் வட்டத்துக்கு நிகரான ஆட்சிப் பகுதி. 2000 ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை 83,525 ஆக இருந்தது; 2010 இல் 1,02,599 ஆனது. அதாவது, முதல் பத்தாண்டில் 19,000 பேருக்கு மேல் கூடிய கவுண்டியில் அடுத்த பத்தாண்டில் கூடியவர்கள் 265 பேர் மட்டுமே.

இந்த 265 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அந்தப் பத்தாண்டில் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று ஒருவர் முடிவுக்கு வரலாம். அது தவறான முடிவு. பிறந்தவர்கள், இறந்தவர்கள், வந்தவர்கள், போனவர்கள் என்ற நான்கு ஓட்டங்களைக் கூட்டிக் கழித்துக் கிடைப்பதே ஓர் ஊரின் மக்கள்தொகை மாற்றம். விட்ஃபீல்டு கவுண்டி இளம் குடும்பங்கள் நிறைந்தது. அங்கே பிறப்பு இறப்பைவிட அதிகம். பிறப்பால் கூடியும் மொத்தம் அசையவில்லை என்றால், வந்தவர்களைவிட வெளியேறியவர்கள் அதிகம் என்றே பொருள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்கத் தொடங்கியதும் மக்கள்தொகை அட்டவணையை விட்டு வேலைவாய்ப்பு அட்டவணைக்குச் செல்ல வேண்டியதாகிறது. சிறு நகரங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. ஊரில் யார் வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, எத்தனை பேர் ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்பனவெல்லாம் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் என்ன வேலை கொடுத்தது என்பதன் தடயங்கள். டால்டனை வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

அமெரிக்க நகரம் ஒன்றைப் பற்றிய புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகின்றன. முதலாவது, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் முழுக் கணக்கெடுப்பு. ஏப்ரல் 1 ஆம் நாள் ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே அவர் எண்ணப்படுகிறார்; அவர் குடிமகனா, விசாவில் வந்தவரா, ஆவணங்களே இல்லாதவரா என்ற வேறுபாடு இல்லை. இரண்டாவது, அமெரிக்கச் சமூக ஆய்வு எனப்படும் மாதிரிக் கணக்கெடுப்பு. ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு வினாப்பட்டியல் அனுப்பி வருமானம், கல்வி, தொழில், வேலைக்குச் செல்லும் பயண நேரம், வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றை அது கேட்கிறது. மூன்றாவது, தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் வேலைவாய்ப்பு, வேலையின்மைக் கணக்குகள்.

முதலாவது எண்ணிக்கை, மற்ற இரண்டும் பெரும்பகுதி மதிப்பீடு. புதிதாக வாசிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். சமூக ஆய்வு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டுமே ஓராண்டுத் தரவை வெளியிடுகிறது. டால்டன் போன்ற சிறிய நகரங்களுக்கு ஐந்து ஆண்டுகளின் விடைகளைச் சேர்த்த தரவு மட்டுமே கிடைக்கும். எனவே, 2020 ஆம் ஆண்டுத் தரவு என்று ஒரு வலைத்தளம் காட்டும் வருமான எண் உண்மையில் 2016 முதல் 2020 வரையிலான காலத்தின் கலவையாக இருக்கக்கூடும். ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் அருகில் ஒரு பிழை வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். ஓர் ஊரின் வறுமை விகிதம் ஒரு தொகுப்பில் 18 சதவீதம், அடுத்த தொகுப்பில் 21 சதவீதம், இரண்டிலும் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 4 என்று வைத்துக்கொண்டால், வறுமை கூடிவிட்டது என்று சொல்ல அந்தத் தரவில் இடமில்லை. ஒன்றன் மீது ஒன்று படியும் ஐந்தாண்டுத் தொகுப்புகளை ஒப்பிடுவதும் வீண். 2011–2015 தொகுப்பை 2016–2020 தொகுப்போடு ஒப்பிட்டால் மட்டுமே ஏதாவது தெரியும். டால்டனைப் பற்றி அண்மைய நிலவரம் வேண்டுமென்றால், ஒரு லட்சம் பேரைத் தாண்டிய விட்ஃபீல்டு கவுண்டியின் ஓராண்டுத் தரவைப் பார்ப்பது நல்ல மாற்றுவழி.

வேலை மக்களைக் கொண்டுவந்த விதம்

டால்டனின் தொழில் படுக்கை விரிப்பில் தொடங்கியது. கேத்தரின் எவான்ஸ் என்ற பெண், 1895 ஆம் ஆண்டில், தமது பதினைந்தாவது வயதில், துணியில் நூல் முடிச்சுகளைக் குஞ்சம்போல் தைத்து ஒரு விரிப்பு செய்தார்; பிறகு அவற்றை விற்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பண்ணை வீடுகளின் பெண்களும் இந்த வேலைக்கு வந்தனர். கோலம் அச்சிட்ட துணியை முகவர்கள் வீடு வீடாகக் கொண்டு கொடுத்து, தைத்து முடித்ததும் வாங்கிச் சென்றனர். 41 ஆம் எண் சாலையில் ஃபுளோரிடா செல்லும் பயணிகள் வாங்குவதற்காக இந்த வண்ண விரிப்புகள் சாலையோரக் கயிறுகளில் தொங்கின. 1930களில் குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கள் வந்தபோது, வீட்டில் துண்டுக்குக் கூலி கொடுத்துத் தைக்கவைப்பது ஆதாயமற்றதாகி, வேலை ஆலைக்குள் சென்றது, இயந்திரங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே நுட்பம் அகலமான இயந்திரங்களில் தரைவிரிப்பு செய்யப் பயன்பட்டது. பருத்தியின் இடத்தை நைலான் பிடித்ததும் தரைவிரிப்பின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது; அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளின் தரையெல்லாம் கார்ப்பெட்டால் மூடப்பட்டது. நாட்டின் தரைவிரிப்பு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி டால்டனைச் சுற்றியுள்ள நூறு கிலோமீட்டருக்குள் நடக்கும் நிலை உருவானது. ஷா, மோஹாக் போன்ற பெரும் நிறுவனங்கள் இந்தப் பகுதியில் வளர்ந்தவையே.

ஆலைகள் நீண்ட காலம் வட ஜார்ஜியாவின் மலைப்புறத்து வெள்ளையினத் தொழிலாளர்களைக் கொண்டே நடந்தன. 1980களின் இறுதியில் அந்த ஊற்று வற்றத் தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களில் பலர் வேறு வேலைகளைத் தேடினர். உற்பத்தியோ கூடிக்கொண்டே போனது. 1986 ஆம் ஆண்டின் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம், ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்பூர்வ நிலை வழங்கியிருந்தது. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் அதுவரை அஞ்சி ஒதுங்கி வாழ்ந்த மெக்சிகோ குடும்பங்கள் அதன்பின் நாட்டின் எந்த மூலைக்கும் துணிந்து செல்ல முடிந்தது. வீட்டு வாடகை குறைந்த, ஆண்டு முழுவதும் வேலை உள்ள, ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத ஆலைகள் நிறைந்த டால்டன் அவர்களை ஈர்த்தது. அருகிலுள்ள கார்ட்டர்ஸ் அணையின் கட்டுமானத்துக்கும் கோழி இறைச்சி ஆலைக்கும் முன்பே வந்திருந்த சிலர் வழியாகச் செய்தி உறவினர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் பரவியது. இதன் விளைவு கணக்கெடுப்பில் அப்படியே தெரிகிறது: 1990 இல் மிகச் சிறிதாக இருந்த ஹிஸ்பானிக் மக்களின் (மெக்சிகோ போன்ற ஸ்பானிய மொழி நாடுகளை வேராகக் கொண்டவர்களின்) பங்கு 2000 இல் நகரத்தின் 40 சதவீதமாகவும் 2010 இல் 48 சதவீதமாகவும் உயர்ந்தது.

இப்படி வருபவர்கள் எல்லா வயதிலும் வருவதில்லை. ஆலை வேலை தேடி வருபவர் இருபதுகளிலோ முப்பதுகளிலோ இருப்பார். வந்த சில ஆண்டுகளில் குழந்தைகள் பிறக்கும் அல்லது மெக்சிகோவிலிருந்து குடும்பம் வந்து சேரும். ஆகவே வேலை தேடி வரும் அலை ஒன்று கடந்து ஐந்தாறு ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் அடுத்த அலை எழும். டால்டன் பள்ளிகளில் ஸ்பானிய மொழி மட்டுமே அறிந்த குழந்தைகள் திடீரெனப் பெருகியபோது, அவர்களோடு பேசக்கூடிய ஆசிரியர்கள் இல்லை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் உள்ளூர் வழக்கறிஞருமான எர்வின் மிட்செல், தரைவிரிப்புத் தொழில் அதிபர்களின் துணையோடு, மெக்சிகோவின் மான்டெர்ரே பல்கலைக்கழகத்துடன் ஓர் ஏற்பாடு செய்தார். 1990களின் பிற்பகுதியில் அங்கிருந்து ஆசிரியர்கள் டால்டன் வகுப்பறைகளுக்கு வந்தனர். ஜார்ஜியா திட்டம் என்று அது அழைக்கப்பட்டது. வேலையாட்களை வரவழைத்த தொழிலே அவர்களுடைய குழந்தைகளின் கல்விக்கும் ஏதோ ஒரு வகையில் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்பதை, அமெரிக்கச் சிறுநகர வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

வயது சொல்வது என்ன

இடைநிலை வயது என்பது, மக்களை வயது வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வயது. 2020 கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுமைக்கும் அது 38.8. டால்டன் அதைவிடப் பல ஆண்டுகள் இளமையான நகரம். ஆனால் இடைநிலை வயதை மட்டும் வைத்து ஓர் ஊரின் உழைப்பு வாழ்வை ஊகித்துவிட முடியாது. பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் நகரமும் மிக இளமையானதுதான். அங்கே இளமைக்குக் காரணம் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். மாணவர்கள் பெற்றோர் வீட்டில் அல்லாமல் படிக்கும் ஊரிலேயே எண்ணப்படுவதால், இருபது வயதை ஒட்டியவர்கள் அங்கே குவிகின்றனர். தனி வீடெடுத்துத் தங்கும் மாணவர்களின் சொற்ப வருமானத்தால் நகரத்தின் வறுமை விகிதம்கூட மிக உயர்ந்து காட்சியளிக்கிறது. எதிர்முனையில் ஃபுளோரிடாவின் தி வில்லேஜஸ் இருக்கிறது. ஓய்வுபெற்றோருக்காகவே கட்டப்பட்ட இந்தக் குடியிருப்பை உள்ளடக்கிய பெருநகரப் பகுதி 2010 முதல் 2020 வரை 39 சதவீதம் வளர்ந்து, நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த பெருநகரப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வளரும் ஊரில் வேலை பெருகியிருக்கும் என்ற எண்ணம் அங்கே பாதியளவுக்குத்தான் சரி: வந்தவர்கள் வேலைக்காக வரவில்லை, அவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவமனை, உணவகம், கட்டுமானம் ஆகியவற்றில்தான் வேலை பிறந்தது.

இந்த வேறுபாட்டைப் பிடிக்க உதவுவது சார்பு விகிதம். உழைக்கும் வயதில் உள்ள ஒவ்வொரு நூறு பேருக்கும், குழந்தைகளும் முதியோரும் சேர்த்து எத்தனை பேர் என்பதே அது. இதைக் குழந்தைகள் சார்பு, முதியோர் சார்பு என்று பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். மொத்த விகிதம் ஒன்றாகவே உள்ள இரண்டு நகரங்களில் ஒன்று பள்ளிக்கூடங்களுக்கும் மற்றொன்று இதயநோய் மருத்துவர்களுக்கும் செலவழித்துக்கொண்டிருக்கலாம். டால்டனில் சுமை நெடுங்காலம் குழந்தைகள் பக்கம் இருந்தது. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. சொத்து வரியில் பெரும்பங்கு செலுத்துபவை ஆலைகள். எனவே, ஆலை சுருங்கினால் பள்ளியின் நிதியும் சுருங்குகிறது.

ஹிஸ்பானிக் என்ற பிரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 வரையிலான கணக்கெடுப்புகளில் அது இனம் அல்ல, தனிக் கேள்வி. ஒருவர் முதலில் தாம் ஹிஸ்பானிக்கா இல்லையா என்று சொல்லிவிட்டு, பிறகு வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர், வேறு இனத்தவர் என்பவற்றில் தமக்குரியதைக் குறிப்பார். ஆகவே, ஒரு நகரத்தில் வெள்ளையர் 60 சதவீதம், ஹிஸ்பானிக் 50 சதவீதம் என்று அட்டவணையில் இருந்தால் அது கூட்டல் பிழை அல்ல. பலர் இரண்டிலும் இருக்கிறார்கள். இவர்கள் முழுமையாக எண்ணப்படுவதும் இல்லை. 2020 கணக்கெடுப்பில் நாடளவில் ஹிஸ்பானிக் மக்களில் 4.99 சதவீதம் பேர் விடுபட்டனர் என்று கணக்கெடுப்பு அலுவலகமே பின்னர் நடத்திய சரிபார்ப்பில் மதிப்பிட்டது. அந்த விடுபடல் எல்லா ஊர்களிலும் ஒரே அளவாக இருந்திருக்க வேண்டியதில்லை. எனினும் டால்டனின் 34,417 என்ற எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ளாமல் இருக்க அது போதுமான காரணம்.

வேலையின்மை விகிதம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

சிறு நகரங்களைப் பற்றிய செய்திகளில் மிக அதிகமாகப் பயன்படுவதும், என் கருத்தில் தனியாக நின்றால் மிகக் குறைவாகப் பயன் தருவதும் வேலையின்மை விகிதமே. அமெரிக்க வரையறையின்படி வேலையற்றவர் என்பவர், வேலை இல்லாதவராகவும், கிடைத்தால் செய்யத் தயாராகவும், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியவராகவும் இருக்க வேண்டும். தேடுவதை நிறுத்தியவர் வேலையற்றவர் அல்ல. அவர் தொழிலாளர் தொகுதியிலேயே இல்லாதவர். வேலையில் உள்ளவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்ததே தொழிலாளர் தொகுதி. அந்தத் தொகுதியில் வேலை தேடுபவர்களின் பங்கு வேலையின்மை விகிதம். பதினாறு வயதைக் கடந்தோரில் அந்தத் தொகுதியின் பங்கு பங்கேற்பு விகிதம்.

கற்பனையாக ஓர் ஊரில் 10,000 பேர் தொழிலாளர் தொகுதியில் இருப்பதாகவும் அவர்களில் 1,200 பேருக்கு வேலை இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் 12 சதவீதம். ஓராண்டில் அந்த 1,200 பேரில் 500 பேர் மனம் தளர்ந்து தேடுவதை விட்டுவிட்டார்கள், அல்லது மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது தொகுதியில் 9,500 பேர், வேலை தேடுபவர்கள் 700 பேர், விகிதம் 7.4 சதவீதம். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் செய்தித்தாள் நிலைமை மேம்பட்டதாக எழுதும். பெருநகரங்களில் இந்த விளைவு மற்ற அசைவுகளில் கரைந்துவிடுகிறது. ஒரே தொழிலை நம்பிய சிறு நகரத்தில், அதுவும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் மிகுந்த நகரத்தில், இதுவே பெரிய விளைவாகிவிடலாம்.

டால்டனுக்கு இது வெறும் கணக்குப் பயிற்சி அல்ல. புதிய வீடு கட்டும்போதும், வீடு கைமாறும்போதும்தான் தரைவிரிப்பு அதிகம் விற்கிறது. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது; 2009 இல் அந்த எண்ணிக்கை சுமார் 5.5 லட்சமாகச் சரிந்தது. வீட்டுக் கடன் நெருக்கடியை நியூயார்க் வங்கிகளின் கதையாகவே நாம் கேட்டிருக்கிறோம். அதன் அடி டால்டன் ஆலைகளின் மூன்றாம் ஷிஃப்டில் விழுந்தது. ஷிஃப்டுகள் குறைந்தன, பின்னர் ஆலைகளே மூடப்பட்டன. விட்ஃபீல்டும் அண்டையிலுள்ள மரே கவுண்டியும் சேர்ந்த டால்டன் பெருநகரப் பகுதியின் வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியது. நாடு மீளத் தொடங்கிய பிறகும், 2011 ஜூனுக்கும் 2012 ஜூனுக்கும் இடையில் அந்தப் பகுதி 4,600 வேலைகளை, அதாவது ஏறத்தாழ 7 சதவீதத்தை, இழந்ததாகத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் அப்போது அறிவித்தது. சதவீதக் கணக்கில் நாட்டின் பெருநகரப் பகுதிகளிலேயே மிக மோசமான இழப்பு அது. இதே காலத்தில், 2011 இல், ஜார்ஜியா ஆவணமற்றோருக்கு எதிரான கடுமையான குடியேற்றச் சட்டம் ஒன்றையும் இயற்றியது. வேலையும் இல்லை, அச்சமும் கூடியது என்ற நிலையில் குடும்பங்கள் வெளியேறியதில் வியப்பில்லை. தொடக்கத்தில் கண்ட 265 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்த வெளியேற்றம்தான்.

வேலைகளின் எண்ணிக்கையும் வேலை செய்பவர்களின் எண்ணிக்கையும் வேறு வேறு கணக்குகள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 4,600 வேலைகள் என்பது நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து வந்த எண். வேலை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு அது வரவு வைக்கப்படும். இரண்டு இடங்களில் வேலை செய்பவர் அதில் இருமுறை வருவார். சொந்தத் தொழில் செய்பவர் வரவே மாட்டார். வேலையின்மை விகிதமோ குடும்பங்களைக் கேட்டறியும் ஆய்வின் வரையறைகளில் நிற்பது. அது ஆட்களை அவர்கள் வசிக்கும் ஊரில் எண்ணுகிறது. நாடளவில் மாதந்தோறும் சுமார் 60,000 குடும்பங்களைக் கேட்கும் இந்த ஆய்வு ஒரு சிறு கவுண்டியில் கேட்கும் குடும்பங்கள் மிகச் சிலவே என்பதால், கவுண்டி அளவிலான விகிதம், வேலையிழப்புக் காப்பீட்டு விண்ணப்பங்கள் போன்ற பிற தரவுகளைச் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. சம்பளப் பட்டியல் எண்களும் ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. ஆகவே ஒரு மாதத்து எண்ணை வைத்து ஒரு சிறு நகரத்தின் தலையெழுத்தைப் பேசுபவரை நம்பக் கூடாது.

வசிக்கும் இடமும் வேலை செய்யும் இடமும் பிரிவதால் வேறொரு குழப்பமும் நேர்கிறது. டால்டன் ஆலைகளுக்கு அண்டைக் கவுண்டிகளான மரே, கட்டூசா, வாக்கர் ஆகியவற்றிலிருந்தும் காரில் ஆட்கள் வருகிறார்கள். மரே கவுண்டியோடு உள்ள இந்தப் போக்குவரத்து அடர்த்தியாக இருப்பதால்தான் விட்ஃபீல்டும் மரேயும் சேர்ந்து டால்டன் பெருநகரப் பகுதி என்று வரையறுக்கப்பட்டுள்ளன. பெருநகரப் பகுதிகளின் எல்லை கவுண்டிகளுக்கு இடையே வேலைக்குச் செல்லும் பயணத்தை வைத்தே வகுக்கப்படுகிறது. டால்டன் நகரம் என்று தேடிக் கிடைத்த வருமானத்தையும், டால்டன் பெருநகரப் பகுதி என்று தேடிக் கிடைத்த வேலை எண்ணிக்கையையும் ஒரே பத்தியில் சேர்ப்பவர்கள், தாங்கள் இரண்டு வேறு மக்கள் கூட்டங்களைப் பற்றிப் பேசுவதை அறியாமலே பேசுகிறார்கள்.

ஒரே தொழிலில் குவிதல்

ஒரு நகரம் ஒரு தொழிலை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த ஊரின் வேலைகளில் அத்தொழிலின் பங்கை, நாட்டின் வேலைகளில் அதே தொழிலின் பங்கால் வகுத்தால் கிடைப்பது குவிவு அளவு. ஒன்று வந்தால் நாட்டின் சராசரி. இரண்டு வந்தால் இருமடங்குக் குவிவு. அமெரிக்க வேலைகளில் உற்பத்தித் துறையின் பங்கு இப்போது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. டால்டன் பகுதியில் அது மூன்றில் ஒன்றுக்கும் மேல். தரைவிரிப்பு என்ற ஒற்றைப் பண்டத்தை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் விடை பல நூறுகளுக்குச் செல்லும். அந்த அளவுக்குப் பெரிய எண்ணில் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

இந்தக் குவிவு ஏன் முக்கியம் என்றால், ஒரு சிறு நகரத்துக்குள் வெளியிலிருந்து பணத்தைக் கொண்டுவரும் வேலைகளும், அந்தப் பணத்தை ஊருக்குள் சுழலவிடும் வேலைகளும் வேறு வேறு. டால்டனின் தரைவிரிப்பு நாடெங்கும் விற்கிறது. அதன் கூலியில்தான் ஊரின் மளிகைக் கடை, முடிதிருத்தகம், பல் மருத்துவமனை எல்லாம் நடக்கின்றன. ஆலையில் நூறு பேர் வேலையிழந்தால் இழப்பு நூறோடு நிற்காது. மக்கள் வெளியேறினால் வாடகை வீடுகள் காலியாகும், பள்ளிச் சேர்க்கை குறையும், ஆசிரியர் பணியிடம் குறையும். தொழில் பலவாகப் பிரிந்திருக்கும் அட்லான்டாவில் ஒரு துறையின் சரிவை மற்றொன்று தாங்கும். 34,000 பேர் உள்ள நகரத்தில் தாங்குவதற்கு இன்னொரு துறை இருப்பதில்லை.

வருமானத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இடைநிலைக் குடும்ப வருமானம் என்ற எண் ஒரு வீட்டுக்குள் வரும் எல்லாருடைய சம்பளத்தையும் சேர்த்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கணவன் முதல் ஷிஃப்டிலும் மனைவி இரண்டாம் ஷிஃப்டிலும் போவதும், கூடவே வளர்ந்த மகனோ தம்பியோ சம்பாதிப்பதும் வழக்கம். இப்படி முறை மாற்றிப் போவதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காப்பகத்துக்குப் பணம் தர வேண்டியதும் இல்லை. வீட்டுக்கு மூன்று சம்பளம் வந்தால் குடும்ப வருமானம் பரவாயில்லை என்று தோன்றும்; அதையே தலைக்கு வகுத்தால் குறைவாகத் தெரியும். எனவே குடும்ப அளவு பெரிதாக உள்ள ஊர்களில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2010களின் பிற்பகுதியில் டால்டன் மெல்லத் தேறியது. அமெரிக்கர்கள் தரைவிரிப்பை விட்டு வினைல் பலகை போன்ற கடினத் தரைகளுக்கு மாறியபோது, அந்தப் பகுதியின் பெருநிறுவனங்களும் அவற்றைத் தயாரிக்கத் தொடங்கின. தென்கொரியாவின் ஹன்வா குழுமத்தைச் சேர்ந்த கியூசெல்ஸ், 2019 இல் டால்டனில் சூரிய மின்தகடு ஆலையைத் திறந்தது. 2023 ஜனவரியில், அதை விரிவாக்கவும் அருகிலுள்ள கார்ட்டர்ஸ்வில்லில் புதிய ஆலை கட்டவும் 250 கோடி டாலருக்கு மேல் முதலிடுவதாக அறிவித்தது. தரைவிரிப்பும் மின்தகடும் வேறு வேறு பண்டங்களாக இருந்தாலும், இரவு ஷிஃப்டுக்குப் பழகிய, இயந்திரத்தோடு வேலை செய்து அனுபவப்பட்ட தொழிலாளர்கள் அங்கே இருந்தது ஆலையை இழுத்த காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அரசின் வரிச் சலுகைகளும் கட்டாயம் உதவின.

அந்தத் தொழிலாளர் கூட்டத்துக்கும் வயதாகிறது. 1995 இல் இருபத்தைந்து வயதில், தரைவிரிப்பில் நூல் குஞ்சங்களைத் தைக்கும் டஃப்டிங் இயந்திரத்தின் முன் நின்றவருக்கு 2025 இல் ஐம்பத்தைந்து. அவருடைய பிள்ளைகள் டால்டனிலேயே பிறந்து, ஆங்கிலத்தில் படித்தவர்கள். ஆலை வேலையைவிட வேறு வழிகள் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன. உள்ளூர் டால்டன் ஸ்டேட் கல்லூரி, மாணவர்களில் கால் பங்குக்கு மேல் ஹிஸ்பானிக் இருந்தால் தரப்படும் கூட்டாட்சித் தகுதியை ஜார்ஜியாவில் முதலில் பெற்ற கல்லூரிகளில் ஒன்று. இவர்கள் படித்து முடித்து ஊரில் தங்குகிறார்களா, அட்லான்டாவுக்குப் போகிறார்களா என்பதை இருபது முதல் முப்பத்து நான்கு வயது வரையிலானோரின் எண்ணிக்கை காட்டும். 2010 இல் பத்து முதல் இருபத்து நான்கு வயது வரை இருந்தவர்களின் எண்ணிக்கையை, 2020 இல் இருபது முதல் முப்பத்து நான்கு வயது வரை இருந்தவர்களின் எண்ணிக்கையோடு விட்ஃபீல்டு கவுண்டியில் ஒப்பிட்டால், அந்த வயதினர் எத்தனை பேர் நிகரமாகக் குறைந்தனர் அல்லது கூடினர் என்பது தெரிந்துவிடும். இரண்டு அட்டவணைகளும் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.